எந்தக் கழகம்?

"கழகத்துல இந்தத் தடவை யாருக்கு சீட்டு?" கேளம்பாக்கம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்பவர் பக்கத்து ஆளிடம் இப்படிக் கேட்டால் யாரும் குழம்புவதில்லை. அவர் ஏறப்போகும் பஸ்ஸை ஓட்டுவதும் ஒரு கழகம்தான், மாநகர் போக்குவரத்துக் கழகம். அவர் பிள்ளைக்குப் பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆனாலும் மொட்டையாகக் 'கழகம்' என்றால் நம் ஊரில் கட்சிதான். கேட்கிற ஆளைப் பொறுத்து தி.மு.க. அல்லது அ.தி.மு.க.

கழகங்களைப் பிடிக்காதவர்கள் உடனே திருக்குறளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சூது அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடும் இடமாம். வாஸ்தவம்தான். ஆனால் அதே சொல் கம்பரிடம் கலை பயிலும் இடம். அகராதியில் பாதியைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டுவது நியாயமில்லை. 1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றியவர்கள் தாயக்கட்டையையா நினைத்திருப்பார்கள்? மனிதர்கள் கூடிப் பேசுகிற இடம் என்பதுதான் அர்த்தம்.

என் புகாரே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கூடுகிறார்கள், சரி. பேசுகிறார்களா?

1949-ல் தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணா, தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக வைத்தார். 1969-ல் அதில் அமர்ந்த கருணாநிதி, 2018-ல் மறையும்வரை தலைவர். அடுத்து ஸ்டாலின், போட்டியின்றி. அ.தி.மு.க.வில் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கணும் என்று விதி வைத்தார் எம்.ஜி.ஆர். 2017-ல் பொதுக்குழு கூடி, முந்தைய ஆண்டே மறைந்துவிட்ட ஜெயலலிதாதான் நிரந்தரப் பொதுச்செயலாளர் என்றது! 2022-ல் அதே பொதுக்குழு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 2023-ல் பழனிசாமி பொதுச்செயலாளர் ஆனார். அதுவும் போட்டியின்றித்தான்.

2024-ல் விஜய் 'தமிழக வெற்றி கழகம்' என்று அறிவித்ததும், நடுவில் 'க்' எங்கே என்று தமிழ்நாடே சிவப்பு மையோடு கிளம்பியது. அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். நல்லது, ஒற்றெழுத்து பிழைத்தது. உள்ளே ஒரு தொண்டன் எழுந்து "இது சரியில்லைங்க" என்று சொல்ல முடியுமா என்று எத்தனை பேர் கேட்டோம்?

பல லட்சம் உறுப்பினர்களில் இரண்டாவதாக ஒருத்தர்கூட மனு போட முன்வராத இடத்துக்குப் பெயர் கழகம் இல்லை, வரவேற்பறை. "கழகம் முடிவு செய்யும்" என்று இனி யாராவது மேடையில் சொன்னால், "எத்தனை பேர் கை தூக்கினாங்க? எத்தனை பேர் தூக்கலை?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிற கட்சிக்கே அந்தச் சொல் பொருந்தும்.