பட்டாம்பூச்சி மட்டும்தான் பூச்சியா?

நம் நாட்டு மிருகக்காட்சி சாலைகள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு புகைச்சல். இன்று கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

புலி உண்டு, யானை உண்டு, நீர்யானை உண்டு. பூச்சி? "அதையெல்லாம் யார் சார் காசு கொடுத்துப் பார்ப்பாங்க?" இதுதான் எங்கே கேட்டாலும் கிடைக்கிற பதில்.

யார் பார்ப்பார்களா? பெங்களூர் பன்னேர்கட்டாவில் 2006ல் பட்டாம்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் 2015ல் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், குழந்தை குட்டிகளோடு கூட்டம். "அது அழகு சார், அதனால வர்றாங்க" என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் பட்டாம்பூச்சி வானத்திலிருந்தா குதித்தது? முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைக் கண்டால் தீப்பந்தம் தேடுகிறோம், சிறகு முளைத்த அதன் பங்காளியோடு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். நல்ல நியாயம்!

பெங்களூருக்குப் பக்கத்திலேயே ராமநகரம். பட்டுக்கூடு விற்கும் பெரிய சந்தை அங்கே இருக்கிறது. ஒரு கூட்டில் இருப்பது ஒரே இழை; ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் வரும். மைசூர் சில்க் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் புழு மல்பெரி இலை தின்பதைப் பார்த்திருக்கிறார்கள்?

எங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். காலம் காலமாக வங்கியில் பாக்கெட்டுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்தோம். அரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் "மரத்துப் பிசின்" என்பார்கள். இல்லை ஐயா, புரசு, குசும் மரங்களில் அப்பிக்கொண்டு வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரப்பது அது. அதற்காகவே ராஞ்சியில் 1924லிருந்து ஆராய்ச்சி நடக்கிறது!

மாமரத்து முசுறு இருக்கிறதே, தன் புழுவையே தறி நாடா மாதிரி பிடித்து, அது விடும் நூலால் இலையோடு இலையைத் தைக்கும். நம் புலியோ பகலில் பாதி நேரம் மல்லாந்து தூங்கும். எதைப் பார்த்தால் பிள்ளை வாய் பிளக்கும்?

லண்டன்காரன் 1881லேயே பூச்சிகளுக்கென்று தனி வீடு கட்டிவிட்டான். ஆஸ்திரேலியாவில் லார்ட் ஹோவ் தீவின் குச்சிப்பூச்சி, கப்பலில் வந்த எலிகளால் அழிந்தே போனது என்று நினைத்தார்கள். 2001ல் கடல் நடுவே ஒரு பாறையில் கொஞ்சம் கிடைத்தன. 2003ல் இரண்டே ஜோடி பிடித்து வந்தார்கள். மெல்போர்ன் மிருகக்காட்சி சாலையில் வளர்த்ததில் ஆயிரக்கணக்கில் பெருகின. மிருகக்காட்சி சாலையின் வேலை என்றால் இதுதானே வேலை?

இங்கே பூச்சி என்று வைத்தாலும் பல இடங்களில் குண்டூசி குத்திய பெட்டிதான். செத்ததைக் காட்டிவிட்டு, ஜனங்களுக்கு ஆர்வமில்லை என்று பழி வேறு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஓர் அறை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தேன்கூடு, ஒரு முசுற்றுக் கூடு, தட்டில் பட்டுப்புழு, ஒரு கரையான் புற்று. பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல, விஷயம் தெரிந்த ஒரு ஆள். புலிக்குப் போடும் கறிச் செலவுக்கு முன்னால் இது சில்லறை. இந்தியாவில் 60,000க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் இருக்கின்றன. பாலூட்டிகள் சில நூறுதான். அந்தச் சில நூறுக்கு நூறு ஏக்கர் கொடுக்கிறவர்கள் இதற்கு ஓர் அறை கொடுக்கக்கூடாதா?

முதலில் காட்டுங்கள் ஐயா. ஜனங்கள் பார்ப்பார்களா மாட்டார்களா என்பதை ஜனங்கள் சொல்லட்டும்.