பனி பொய்த்தால் பலகை என்ன செய்யும்?



டிசம்பர் 31ஆம் தேதி இரவு எங்கள் திருத்தணிக்கு நீங்கள் வந்ததுண்டா? மலைக்கோயிலின் 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டு மக்கள் ஏறுவார்கள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது கணக்கு. அது மார்கழி மாதம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, “அப்பா, என்ன பனி!” என்று சொல்லிக்கொண்டே ஏறுவோம். அன்று எங்கள் ஊர் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். புல்லின் மேல் படியும் நீர்த்துளிக்கும் பனி என்றே பெயர். இமயமலையில் மூன்றடி உயரம் குவிந்து கிடப்பதற்கும் பனி என்றே பெயர். நம் மொழிக்கு இரண்டாவது பனியோடு அதிகப் பழக்கம் இல்லை.

2023ஆம் ஆண்டின் கடைசி நாளன்று என்னோடு அந்தப் படிகளில் ஏறிய ஒருவன், அடுத்த வாரமே அந்த இரண்டாவது பனியைத் தேடிக் காஷ்மீரத்துக்குப் புறப்பட்டான். அவன் என் பழைய மாணவன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பனிச்சறுக்குப் பலகையில் நின்று மலைச்சரிவில் வழுக்கி வர வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அதற்காக இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்திருந்தான்.

அவன் குல்மார்க் போய்ச் சேர்ந்தபோது அங்கே பனி இல்லை! கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் புல்வெளி, ஜனவரி மாதத்தில் வெள்ளைவெளேர் என்று இருக்க வேண்டியது, நம் ஊர்க் கரம்பு நிலம்போலப் பழுப்பாகக் கிடந்தது. தொலைபேசியில் என்னிடம் கேட்டான்: “சார், பனி செய்யும் இயந்திரம் இருக்கிறது என்று நீங்களே பாடம் நடத்தியிருக்கிறீர்கள். இங்கே ஏன் அதை வைத்துப் பனி செய்யக் கூடாது?”

மறுநாள் அவன் பொறுமை இழந்து, உயரமான சரிவு ஒன்றில் மெல்லிய போர்வைபோலக் கிடந்த பனியில் பலகையை இறக்கினான். பனிக்கு அடியில் இருந்த கல் பலகையை நிறுத்தியது, அவனை நிறுத்தவில்லை. நியூட்டனின் முதல் விதி! கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு ஊர் திரும்பினான்.

அவன் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பனி ஏன் வரவில்லை? நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று மழை தருகிறது. காஷ்மீரத்துக்குக் குளிர்காலப் பனியைத் தருவது மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமாகப் புறப்பட்டு வரும் காற்றழுத்தக் கலக்கங்கள். ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்று வானிலைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அவை வலுவாக வந்தால் பனி. வராவிட்டால் வெறும் குளிர். 2024 ஜனவரியில் பெரும்பகுதி அவை சரியாக வரவில்லை. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது.

ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டுவது விஞ்ஞானம் ஆகாது. ஆனால் 2023 பிப்ரவரியில் உத்தராகண்ட் மாநிலத்து ஔலியில் நடக்க இருந்த தேசியப் பனி விளையாட்டுகள் பனி இல்லாமல் கைவிடப்பட்டன. 2025 பிப்ரவரி 22 முதல் குல்மார்க்கில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தள்ளிப்போய் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்கள்! பூமியின் சராசரி வெப்பநிலை உயர்ந்து வரும் காலத்தில், தாழ்ந்த சரிவுகளில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுவதும், விழுந்த பனி விரைவில் உருகுவதும் எதிர்பார்க்க வேண்டியவைதாம்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். 1949-50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலும் பனி பொய்த்தது. அங்கே பனிச்சறுக்குக் கட்டைகள் செய்து விற்றுவந்த வேய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி ஆகிய மூவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வண்ணம் பீய்ச்சும் காற்றழுத்தி, ஒரு பீய்ச்சுமுனை, தோட்டத்துக் குழாய் ஆகியவற்றை இணைத்து, குளிர்ந்த காற்றில் நீரைத் துளித்துளியாகச் சிதறடித்தார்கள். 1950 மார்ச் மாதம் பிறந்தது பனித் துப்பாக்கி!

இதன் தத்துவம் உங்கள் வீட்டு மண்பானையில் இருக்கிறது. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போதும் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது ஏன்? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாக வேண்டிய வெப்பத்தை அது மிச்சமுள்ள நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 600 கலோரி வேண்டும். ஒரு கிராம் நீர் உறைவதற்கு வெளியேற வேண்டியதோ 80 கலோரிதான். வகுத்துப் பாருங்கள். பூஜ்ய டிகிரியில் நிற்கும் நீரில் ஒரு கிராம் ஆவியானால், சுமார் 7 கிராம் உறைவதற்கு வழி பிறக்கிறது. பனித் துப்பாக்கியிலிருந்து பறக்கும் துளியைச் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றும் குளிர்விக்கிறது. அதன் சொந்த ஆவியாதலும் குளிர்விக்கிறது.

எனவே காற்றின் வெப்பநிலை மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதமும் முக்கியம். வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றினால் அது காட்டும் அளவுக்கு ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்று பெயர். இது பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரிக்கு இறங்கினால்தான் பனி செய்வது ஓரளவு சாத்தியம். காற்று 2 டிகிரி வெப்பத்தில் இருந்தாலும், ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் பூஜ்யத்துக்குக் கீழே 2 அல்லது 3 டிகிரி காட்டும். அப்போது பனி செய்யலாம். ஆனால் காற்று அதே 2 டிகிரியில் ஈரமாக இருந்தால் விழுவது பனி அல்ல, சேறுதான்!

இன்னொன்றும் உண்டு. தூய நீரின் சிறு துளிகள் பூஜ்ய டிகிரியில் உடனே உறைந்துவிடுவதில்லை. படிகம் வளரத் தொடங்க ஒரு கரு வேண்டும். அழுத்திய காற்று விரியும்போது குளிர்ந்து உண்டாகும் நுண்ணிய பனித்துகள்கள் கருவாகின்றன. சில நாடுகளில் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியாவின் புரதத்தையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

இத்தனையும் கைவந்த பிறகு, குல்மார்க் மலை முழுவதும் பனி தூவிவிட்டால் என்ன? கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 30 சென்டிமீட்டர் உயரம் பனி போட 3,000 கன மீட்டர் பனி தேவை. இயந்திரப் பனி கெட்டியானது. ஒரு கன மீட்டர் சுமார் 400 கிலோ எடை. ஆகவே 12 இலட்சம் லிட்டர் நீர்! நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவழிக்கும் ஒரு குடும்பத்துக்கு இது ஆறரை ஆண்டுகளுக்கு வரும். ஒரு சரிவுக்கு ஒரு ஹெக்டேர் எந்த மூலைக்கு?

“உருகியதும் அந்த நீர் மண்ணுக்குத்தானே திரும்புகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பகுதி திரும்பும், மறுக்கவில்லை. ஆனால் எடுக்கப்படுவது ஓடைகள் வற்றிக் கிடக்கும் குளிர்காலத்தில். அதுவும் பனி பொய்த்த ஆண்டில். நீரை மலையேற்றவும் காற்றை அழுத்தவும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், பனியைக் குறைத்த காரணத்தையே நாம் வளர்க்கிறோம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறத்தாழ முழுக்க முழுக்க இயந்திரப் பனியில் நடந்தது. அது பொறியியல் வெற்றி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் பின்பற்ற வேண்டிய பாதை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

பனியைச் செய்வதைவிடச் சேமிப்பது மேல் என்பது என் கருத்து. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842ஆம் ஆண்டு அது கட்டப்பட்டது ஐஸ் வைப்பதற்காக! அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை, பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் மரத்தூளில் புதைத்துக் கப்பலில் பல மாதப் பயணமாகச் சென்னைக்கு அனுப்பினார். பூமத்தியரேகையை இரண்டு முறை கடந்தும் அது கரைந்து தீரவில்லை. மரத்தூளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஈரமான மரத்தூளிலிருந்து நீர் ஆவியாவதாலும் குளிர்ச்சி; மறுபடியும் மண்பானை!

இன்று சுவிட்சர்லாந்தின் டாவோஸிலும் பின்லாந்திலும் இதையே செய்கிறார்கள். குளிர்காலத்துப் பனியைப் பெரிய குவியலாக்கி மரத்தூளால் மூடிவைக்கிறார்கள். கோடையில் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு உருகிப்போனாலும், மிச்சத்தை அக்டோபர், நவம்பரில் பரப்பி, பருவத்தின் தொடக்கத்தில் வீரர்களுக்குப் பாதை அமைக்கிறார்கள். குவியல் ஏன் பெரிதாக வேண்டும்? பக்க அளவுகள் இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்கும் கன அளவு எட்டு மடங்கும் ஆகும். உருகுவது மேற்பரப்பில்தானே! ரஷ்யாவின் சோச்சி நகரில் 2014 ஒலிம்பிக்குக்காக முந்தைய குளிர்காலத்துப் பனியை இலட்சக்கணக்கான கன மீட்டர் சேமித்தார்கள். முன்யோசனை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 வான்கூவர் சாட்சி. அங்கே பலகைச் சறுக்குப் போட்டிகள் நடந்த சைப்ரஸ் மலையில் பனி போதாமல், லாரிகளிலும் ஹெலிகாப்டர்களிலும் பனியைக் கொண்டுவந்து, அடியில் வைக்கோல் கட்டுகளைப் பரப்பி மேடு கட்டினார்கள்!

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. முதலில் நாட்காட்டியை மாற்றுங்கள். பனி பிப்ரவரிக் கடைசியில் வருமானால், போட்டியும் பயிற்சியும் மார்ச்சில் நடக்கட்டும். அடுத்து, வந்த பனியைச் சேமியுங்கள். அதற்கும் பிறகு, தொடக்கநிலை மாணவர்கள் பழகும் ஒரு சிறு சரிவுக்கு மட்டும், ஈரக்குமிழ் இடம்கொடுக்கும் இரவுகளில் இயந்திரத்தை ஓட்டுங்கள். ஔலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அத்தகைய இயந்திரங்களை நிறுவினார்கள். இயந்திரத்தை வாங்கலாம், அது கேட்கும் குளிரை வாங்க முடியாது.

பலகையில் ஏறப்போகும் இளைஞனுக்கு ஒரு சொல். அரையடிப் பனியை நம்பாதே. கல்லும் புதரும் அதற்குக் கீழே காத்திருக்கும். தொடக்க நாட்களில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டு; அதற்குக் காப்பு அணிந்துகொள். பனி இல்லாத நாட்களில் புல்தரையில் சமநிலை பழகு. கையை ஊன்றாமல் விழப் பழகு. காத்திருப்பதும் விளையாட்டின் பகுதிதான்.

“பணம் உள்ளவர்கள் விளையாட்டு; திருத்தணிப் பிள்ளைகளுக்கு இது எதற்கு, சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். குல்மார்க்கில் பனி இல்லாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் சறுக்குவண்டி இழுக்கும் கூலியாள். அதே பனி உருகித்தான் ஜீலம் நதிக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் நீர். பனி என்பது மலையின் ஏரி. ஐப்பசி மழை பொய்த்தால் நம் ஏரி வறண்டு, வைகாசியில் குடத்தோடு அலைகிறோமே, அந்தத் துன்பமும் இந்தத் துன்பமும் ஒன்றே. ஏரியைத் தூர் வாராமல் விட்டுவிட்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதும், பனியைச் சேமிக்காமல் இயந்திரத்துக்குக் காத்திருப்பதும் ஒரே குணம்தான்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டு வெப்பமானிகள் கேட்டு வாங்கி, ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றுங்கள். மார்கழி விடியலில் ஒரு நாளும் சித்திரை நண்பகலில் ஒரு நாளும் இரண்டு அளவுகளையும் குறித்து வையுங்கள். எந்த நாளில் வேறுபாடு அதிகம்? ஏன்? பனித் துப்பாக்கியின் பாடம் அந்தக் குறிப்பேட்டில் கிடைக்கும்.

என் மாணவன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? 2025ஆம் ஆண்டு அவன் ஜனவரியில் புறப்படவில்லை. பனிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்து, மார்ச் மாதத்தில் போனான். “சார், நாற்பது தடவை விழுந்தேன். கை நன்றாக இருக்கிறது!” என்று தொலைபேசியில் சிரித்தான்.