குழாய் ரிப்பேர்க்காரரும் இரும்புக்கைக்காரரும்



‘உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஆட்டுக்கல், ஊஞ்சல் பலகை, தாத்தாவின் டிரங்குப் பெட்டி என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றுக்கு நடுவே கோவை பீளமேட்டிலிருந்து வந்தது ஒன்று. எழுதியவர் மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர் வீட்டுப் பரணில் இருப்பவை ஒரு பழைய டி.வி. கேம் பெட்டியும் மஞ்சள் நிறக் கேசட்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டும் கீழே இறங்கிவிடுமாம். பள்ளிக்கூட நாளில் பிடித்துக்கொண்ட டி.வி. கேம் நாயகன் மாரியோவை மனிதர் இன்றுவரை விடவில்லை. பட்டறை மேசையில் ஒரு சின்ன மாரியோ பொம்மை, சாவிக்கொத்தில் சிவப்புத் தொப்பி, செல்போன் மணியாக அந்த ஆட்டத்தில் வரும் காசு விழும் சத்தம்.

“ஏனுங்க, பையனுக்குன்னு வாங்கிட்டு வந்து நீங்களே உக்காந்து ஆடிட்டு இருக்கறீங்களே” என்று வீட்டில் கேலி செய்கிறார்களாம். கடிதத்தை அவர் ஒரு கேள்வியோடு முடித்திருந்தார்: “இந்த வயசுல இது சரிதானுங்களா?”

ஒரு வரியில் பதில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கேள்வியாக இது தெரியவில்லை. அதனால் இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதும் அவருக்கே.

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோடை விடுமுறைகள் நினைவிருக்கும். சாலிடேர், டயனோரா டி.வி.யின் பின்புறம் ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு கேம் ஒயரைச் செருகுவார்கள். சேனலைத் திருகித் திருகிப் படம் தெளிந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவார்கள். நம் ஊர்ப் பக்கம் பரவலாக வந்தது ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி செய்த அசல் பெட்டி இல்லை, அதைப் பார்த்துச் செய்த நகல்தான். கேசட் அட்டையில் ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு ஆட்டம் வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும். துப்பாக்கி வைத்து வாத்து சுடுவது ஒன்று, கான்ட்ரா ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே மாரியோ.

படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஊதுவது உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்த கைவைத்தியம். ஊதியதால் அது சரியானதில்லை. கழற்றி மறுபடி செருகும்போது உள்ளே இருக்கும் உலோகமுனைகள் சரியாகப் பொருந்தியதால் படம் வந்தது. வாய் ஈரம் பட்டால் அந்த முனைகள் நாளடைவில் அரித்துத்தான் போகும். நம் பீளமேட்டு நண்பர் ஊதுவதில்லை. பென்சில் அழிக்கும் ரப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்துத் துடைத்துச் செருகுகிறார். அந்தப் பெட்டி இத்தனை ஆண்டுகள் ஓடுவதற்கு அதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

மாரியோ பிறந்ததே ஒரு பட்டறைக் கதைதான். நின்டெண்டோ 1889ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி. 1980ல் ‘ரேடார் ஸ்கோப்’ என்ற ஆட்ட இயந்திரங்கள் சுமார் 3,000ஐ அமெரிக்காவுக்கு அனுப்பியது. கப்பல் போய்ச் சேர்வதற்குள் அந்த ஆட்டத்தின் மவுசு இறங்கிவிட்டது. ஏறக்குறைய 2,000 பெட்டிகள் விற்காமல் கிடங்கில் தேங்கின. உடைத்துப் பழைய இரும்புக்குப் போடாமல், அதே பெட்டிக்குள் வேறு ஆட்டத்தைப் புகுத்த முடியுமா என்று பார்த்தார்கள். தொழிற்கலை வடிவமைப்பு படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் பொறுப்பு போனது. மேற்பார்வை, குன்பெய் யோகோய். இவர் அந்தக் கம்பெனியில் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஆளாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். பழகித் தேய்ந்த, விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவர் கடைசிவரை சொல்லிவந்த பாடம்.

1981ல் வந்த ‘டாங்கி காங்’ ஆட்டத்தில் குட்டையான ஒரு தச்சர் உருளும் பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி ஓடினார். முதலில் அவர் பெயர் ‘ஜம்ப்மேன்’. அமெரிக்கக் கிடங்கின் சொந்தக்காரர் மாரியோ செகாலி வாடகை கேட்டு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகு, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1983ல் குழாய்களுக்கு நடுவே நடக்கும் ஆட்டம் வந்தபோது தச்சர், குழாய் ரிப்பேர்க்காரர் ஆனார்.

அவர் முகத்தைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். அந்த உருவத்துக்குக் கிடைத்த இடம் நீளவாக்கில் 16, அகலவாக்கில் 16 புள்ளிகள். அதற்குள் வாய் வரைந்தால் தெரியாது, அதனால் பெரிய மூக்கும் அதன் கீழே மீசையும். முடி வரைந்தால் ஓடும்போது அசையவேண்டும், அதனால் தொப்பி. கை வீசுவது தனியாகத் தெரியவேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், தோள்பட்டி வைத்த கால்சட்டைக்கு ஒரு நிறம். உலகம் மயங்கிய அந்த அழகு முழுவதும் இடநெருக்கடியில் பிறந்தது. 1985 செப்டம்பரில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தின் மொத்த அளவு 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு குட் மார்னிங் படமே பல சமயம் அதைவிடப் பெரியது. இடத்தை மிச்சப்படுத்த, வானத்தில் போகும் மேகத்தையே பச்சையாக்கித் தரையில் புதராக வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை ஆடும்போது பாருங்கள், இரண்டும் ஒரே படம்.

இதையெல்லாம் கோவைக்காரர்களிடம் சொன்னால் பெரிதாக வியக்கமாட்டார்கள். கிடைத்த சாமானை வைத்து, இருக்கும் இடத்துக்குள் வேலையை முடிப்பது இந்த ஊரின் பிழைப்பு. இதே பீளமேட்டில்தான் 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். 1951ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956ல் கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிலையம் என்று அவினாசி சாலையை ஒட்டி வரிசையாக எழுந்தன. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்யும் ஊரில், பறக்கும் வீரனையும் ராஜகுமாரனையும் விட்டுவிட்டு, தொப்பி போட்ட ஒரு குழாய் ரிப்பேர்க்காரரை ஒரு பையன் தன் ஆளாக வரித்துக்கொண்டதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மாரியோவுக்கு முன்னால் இந்த மண்ணில் இன்னொருவர் இப்படிக் குடியேறியிருந்தார். என் வயதுக்காரர்களுக்கு உடனே தெரிந்திருக்கும்: இரும்புக்கை மாயாவி.

1962 அக்டோபரில் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கியது அந்தத் தொடர். கென் பல்மரும் அவருக்குப் பின் டாம் டல்லியும் கதை எழுத, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் லூயிஸ் கிராண்டலுக்கு விபத்தில் வலது கை போய்விடுகிறது. அதற்குப் பதில் இரும்புக்கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துபோவார், அந்தரத்தில் இரும்புக்கை மட்டும் தெரியும். சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972ல் தன் முதல் இதழாகவே ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. பின்னால் ‘பாம்புத் தீவு’, ‘பாதாள நகரம்’ எல்லாம் வந்தன. அவற்றைப் படித்துவிட்டு, பிளக்கில் விரலை விட்டால் நாமும் மறைந்துபோவோமா என்று யோசிக்காத பிள்ளைகள் குறைவு.

இங்கிலாந்தில் அந்தத் தொடர் எழுபதுகளிலேயே முடிந்துவிட்டது. சொந்த ஊர் அவரை ஏறக்குறைய மறந்தே போனது. தமிழ்நாட்டில் மட்டும் அவருக்கு வயதாகவில்லை. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். இடையில் இதழ்கள் தட்டுத்தடுமாறி, எப்போதாவது ஒன்று வரும் நிலைக்குப் போன காலமும் உண்டு. அப்போது இதழைத் தாங்கியவர்கள் பழைய வாசகர்கள். பள்ளிக்கூடத்தில் காசு சேர்த்து வாங்கியவர்கள் இப்போது சம்பளக்காரர்கள், வியாபாரிகள், வங்கி அதிகாரிகள். சந்தா கட்டினார்கள், பழைய கதைகளை மறுபதிப்பு கேட்டார்கள், உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் விட்டுப்போன இதழ்களைத் தேடினார்கள். 2012ல் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்ற பெயரிலேயே ஒரு சிறப்பிதழோடு லயன் மீண்டு எழுந்தது. 2022ல் முத்து காமிக்ஸ் 50 ஆண்டைத் தொட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நேரத்தில் இந்த வாசகர்கள் ஒன்றுகூடுவது நம் கொங்கு நாட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது. தலை நரைத்தவர்கள் ஆசிரியர் விஜயனைச் சுற்றி நின்றுகொண்டு அடுத்த இதழில் யார் கதை என்று கேட்கும் உற்சாகத்தை அங்கே போனால் பார்க்கலாம்.

பிடித்ததை விடாமல் இருப்பது பாதி. அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது மீதி. ரசிகர் என்று நான் சொல்வது இந்த மீதியைச் செய்பவரைத்தான்.

இதற்கு வெளியூர்ச் சாட்சியும் உண்டு. மாரியோவுக்குப் போட்டியாக 1991ல் சேகா கம்பெனி இறக்கிய நீல முள்ளெலி சோனிக். 2019ல் அதைச் சினிமாவாக எடுத்து முன்னோட்டம் விட்டபோது, மனிதப் பல்லும் சின்னக் கண்ணுமாக வந்து நின்ற உருவத்தைப் பார்த்து ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் தவறை ஏற்று, உருவத்தை மாற்றச் சம்மதித்தார். சோனிக்கை ஆசை ஆசையாக வரைந்தே வளர்ந்த டைசன் ஹெஸ்ஸி என்ற ஓவியர் அந்தத் திருத்த வேலைக்குத் தலைமை தாங்கினார். படம் தள்ளிப்போய் 2020 பிப்ரவரியில் வந்து நன்றாக ஓடியது. அதற்கு முன்பே, 2017ல் வந்த ‘சோனிக் மேனியா’ ஆட்டத்தைச் செய்தவர்களில் முதன்மையானவர், ரசிகராக இருந்து பழைய சோனிக் ஆட்டங்களைத் தானே திரும்ப எழுதிப் பார்த்துப் பழகிய ஆஸ்திரேலிய இளைஞர் கிறிஸ்டியன் வைட்ஹெட். கம்பெனி கைவிட்ட பழுதை ரசிகர் சரிசெய்த கதைகள் இவை.

வேறு விதமான ஆசையும் இருக்கிறது. 2021 ஜூலையில் ‘சூப்பர் மாரியோ 64’ கேசட் ஒன்று, உறை பிரிக்காத பெட்டியோடு, அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. ஒருவரும் ஒருமுறைகூட ஆடிப் பார்க்காததால் வந்த விலை அது. வாங்கியவருக்கு அது முதலீடாக இருக்கலாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கேசட்டுக்கும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து ஓட்டப்படும் பீளமேட்டுக் கேசட்டுக்கும் நடுவே எது மாரியோவுக்குச் செய்த மரியாதை என்று கேட்டால், நான் யோசிக்காமல் பீளமேட்டைக் காட்டுவேன்.

வயதைப் பற்றியும் கேட்டிருந்தார் நண்பர். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழா. அடுத்து நடத்தப்போகும் நாடு ஜப்பான். மைதானத்தின் நடுவே ஒரு பச்சைக் குழாய். அதற்குள்ளிருந்து சிவப்புத் தொப்பியோடு எழுந்து வந்து நின்றவர் பிரதமர் ஷின்சோ அபே. அப்போது அவருக்கு வயது 61. பீளமேட்டு நண்பருக்கு இன்னும் எத்தனையோ ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆக, சரிதானுங்க! ஒரே ஒரு வேண்டுகோள்: பெட்டியோடு வந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கையும் துடைத்து, கேலி செய்பவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பச்சைத் தொப்பி போட்ட தம்பி லூயிஜி அதற்காகவே படைக்கப்பட்டவர்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேலை. மாயாவியோ மாரியோவோ, காமிக்ஸ் நாயகர்கள் லாரன்ஸ்-டேவிட்டோ சோனிக்கோ, சின்ன வயதில் பிடித்து இன்றும் விடாத ஒருவர் உங்களுக்கும் இருப்பார். யார், எந்த ஆண்டிலிருந்து, அவரை ஓடும் நிலையில் வைத்திருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பக்க அளவில் எழுதுங்கள். புத்தகத்துக்கு அட்டை போடுவது, கேசட்டைத் துடைப்பது, பேரனுக்குக் கதை சொல்வது எதுவானாலும் சரி. நல்லவற்றைத் தொகுத்து, ஜூலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் கோவை புத்தகத் திருவிழாவை ஒட்டிய இதழில் வெளியிடுகிறோம். பட்டறைக்காரர்கள் செய்முறைப் படம் வரைந்து அனுப்பினால் இரட்டிப்பு மகிழ்ச்சி, அதற்குத் தனிப்பக்கமே ஒதுக்கிவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்