ஆங்கில இலக்கணமும் என் தாயாரும்

(இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவன்)

இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிபிள் மூன்றுக்கும் சென்ற பருவத்தில் பயிற்சி செய்தோம். கோடிட்ட இடங்களை நிரப்பினோம், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் என் ஆய்வகக் குறிப்பேட்டில், 'ஹீட்டிங் தி சால்ட், பிரௌன் ஃபியூம்ஸ் கேம்' என்றிருந்ததை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, "சூடாக்கியது யார், புகையா?" என்றார். வகுப்பே சிரித்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் ஆங்கிலத்தைத் திருத்த அங்கே ஒருவரும் இல்லை. தமிழைத் திருத்தவோ தாயார் ஒருவரே போதும். 'உப்பைச் சூடாக்கிப் புகை வந்தது' என்றால் எழுத்தறியாத அவரே நகைப்பார். 'சூடாக்க, புகை வந்தது' என்றால் சரி. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொள்ளும், 'செய' என்பது பிறவற்றையும் ஏற்கும் என்று நன்னூல் பொதுவிதியாகக் கூறுவதும் இதைத்தானே!

ஜெரண்ட் நம் தொழிற்பெயர். 'ஸ்டாப்டு டிரிங்கிங்' என்றால் குடிப்பதை நிறுத்தினான்; 'ஸ்டாப்டு டு டிரிங்க்' என்றால் குடிப்பதற்காக நின்றான். முன்னவன் குடும்பம் பிழைக்கும். பின்னவனுடையதைக் கேட்க வேண்டாம்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடாது. 'என்ஜாய்' வந்தால் 'இங்', 'வாண்ட்' வந்தால் 'டு'. இதற்கு மனப்பாடமே வழி.

பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் ஒரே ஆண்டுகளில்தான் படிக்கிறோம். இரு துறைப் பேராசிரியர்களும் ஒரு மணி நேரம் ஒரே கரும்பலகை முன் நின்று இம்மூன்றையும் நடத்தலாகாதா? ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாகாது என்ற கட்டுப்பாட்டை அந்த ஒரு மணிக்கு மட்டும் தள்ளி வைக்கலாம். அடுத்த உப்பாய்வுக்கு முன் நடந்தால் எனக்கு நல்லது.