எட்டிப் பார்க்க முடியாத விஆர்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, போனைச் சொருகி மாட்டிக்கிற விஆர் பெட்டி ஒண்ணை அக்காகிட்ட குடுத்தேன். (கம்பெனி பேர் வேண்டாம், எதுக்கு வம்பு.) மலை உச்சியில நிக்கிற மாதிரி காட்சி. இடமும் வலமும் திரும்பிச் சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க, பள்ளத்தை எட்டிப் பார்க்கலாம்னு தலையை முன்னால நீட்டினாங்க. பள்ளமும் கூடவே நகர்ந்துச்சு. ரெண்டே நிமிஷம், கழட்டி வீசிட்டு வாஷ்பேசினுக்கு ஓட்டம். "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காதுடா"ன்னாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. தப்பு அக்கா மேல இல்லைங்க, பெட்டி மேல!

தலை திரும்பும், குனியும், சாயும். இது மூணும் சுழற்சி. முன்ன பின்ன, இட வல, மேல கீழ நகரவும் செய்யும். ஆக மொத்தம் ஆறு. போன்ல இருக்கிற கைரோஸ்கோப் முதல் மூணைத்தான் ஒழுங்கா சொல்லும். மிச்சத்துக்கு, 'நகர்ந்தாச்சு'ங்குது உள்காது, 'இல்லையே'ங்குது கண்ணு. வயிறு என்னதான் பண்ணும்?

ஆக்சிலரோமீட்டரை வச்சு நகர்வைக் கண்டுபிடிக்கலாமேன்னு கேப்பீங்க. நானும் ஒரு ஞாயித்துக்கிழமையை அதுக்குத் தொலைச்சவன்தான். முடுக்கத்தை ரெண்டு தடவை இன்டெக்ரேட் பண்ணணும். 0.1 மீ/வி² பிழை இருந்தாலே 10 நொடியில 5 மீட்டர் தப்பு. மேஜை மேல சிவனேன்னு கிடந்த போன், பக்கத்து வீட்டு ஹால்ல இருக்கிறதா என் புரோகிராம் சொல்லுச்சு :-)

இது தெரியாத விஷயமா? 1968லயே ஐவன் சதர்லேண்ட், கூரையில இருந்து ஒரு எந்திரக் கையைத் தொங்கவிட்டு, தலை எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதோட எங்க இருக்குங்கிறதையும் சேர்த்தே அளந்தார். ஆக்குலஸ்காரங்க 2013ல் விட்ட முதல் டெவலப்பர் கிட்ல சுழற்சி மட்டும்தான். 2014ல் வந்த ரெண்டாவதுல நகர்வைப் பிடிக்கத் தனியா கேமரா வச்சாங்க. அப்புறமும் அதே கம்பெனி 2018ல் 'கோ'ன்னு ஒண்ணு வித்துச்சு. திரும்பவும் வெறும் சுழற்சி! 2019ல் குவெஸ்ட்டோட கேமராவே தலைக்கு ஏறினப்பதான் உருப்படியாச்சு.

"மலிவா குடுத்தாத்தான் நாலு பேருக்குப் போய்ச் சேரும்"னு ஆபீஸ்ல ஒருத்தர் வாதாடினார். நல்லாத்தான் போய்ச் சேர்ந்துச்சு, வாந்தியா! நாற்காலியில உக்காந்து 360 டிகிரி வீடியோ பார்க்க அந்தப் பெட்டி தாராளமா போதும். அப்படியே சொல்லி விக்கட்டுமே. அட்டையில 'முழு விஆர் அனுபவம்'னு எதுக்கு அடிக்கணும்?

போன மாசம் நண்பன்கிட்ட ஒரு குவெஸ்ட் கடன் வாங்கிட்டுப் போனேன். இதுல எட்டிப் பார்க்கலாம்க்கா, ஒரே ஒரு தடவைன்னு கெஞ்சினேன்.

"நீயே மாட்டிக்கோ, எனக்கு அடுப்புல வேலை இருக்கு"ன்னுட்டாங்க.