கருணையும் கடமையும்

1843ஆம் ஆண்டில் சிங்கையில் தொடங்கிய குதிரைப் பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சித் திடலில் முடிவுற்றது. பந்தயத்திற்கு முடிவு உண்டு. குதிரையின் பசிக்கு உண்டா?

இரண்டு மூன்று வயதில் ஓடத் தொடங்கும் குதிரை, பத்து வயதுக்குள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிடும். ஆனால், அது 25 ஆண்டுகள் வாழவல்ல உயிர். எஞ்சிய காலத்தில் அதற்குத் தீனி இடுபவர் யார்?

“தொண்டூழியர்கள் இருக்கின்றார்களே!” என்பார் உளர். உண்மையே. கைவிடப்பட்ட குதிரைகளின் புகலிடங்களில் அவர்கள் இலத்தி அள்ளுகின்றனர்; நீர் சுமக்கின்றனர்; குளம்பில் சிக்கிய கல்லை அகற்றுகின்றனர். அத்தொண்டு போற்றுதற்குரியது. ஆயினும், 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 10 கிலோ தீனி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவிச் சீராக்க வேண்டும். இச்செலவையும் இரக்கமுள்ளோர் தலையிலேயே சுமத்துவது எவ்வகை நீதி?

வெற்றிக் கிண்ணம் ஒருவர் கையில். இலத்திக் கூடை மற்றொருவர் கையில். இஃது அறமன்று. ஓட்டத்தால் பொருள் ஈட்டியவரே ஓய்வுக்கும் பொறுப்பேற்க வேண்டும். பந்தயம் நடக்கும் நாடுகள் அனைத்தும், பரிசுப் பணத்தில் ஒரு பங்கைக் குதிரையின் முதுமைக்கென ஒதுக்கிச் சட்டம் இயற்றட்டும்.

மாணவர்கள் தொண்டாற்றச் செல்லட்டும். கூடையைத் தூக்கும்போதே இக்கேள்வியையும் எழுப்பட்டும்!