கைப்பிடி பிறகு போடலாம்

நம்ம ஊர்ல வீடு கட்டுற எல்லாரும் ஒருநாள் சொல்ற வசனம் ஒன்று இருக்கு: "கைப்பிடி பிறகு போடலாம்."

படிக்கட்டுக்குக் கொங்கிரீட் போட்டாச்சு. மேல்தட்டும் போட்டாச்சு. காசு முடியிற நேரம் பார்த்துக் கலியாண நாளும் கிட்ட வந்திடும். மிச்சமிருக்கிற காசுல முன் விறாந்தைக்குப் பளபளன்னு டைல் பதிப்பம். வாற சனம் பார்க்கிறது அதைத்தானே. கைப்பிடி பிறகு. மொட்டைமாடிச் சுவர் பிறகு. படிக்கு ஒரு பல்ப் பிறகு. பத்து வருசம் போனாலும் அந்தப் 'பிறகு' வந்து சேராது. கல்முனைக்குடியிலயோ சாய்ந்தமருதிலயோ ஏதாவது ஒரு குறுக்கு வீதியில நடந்து போய்ப் பாருங்க. கம்பி நீட்டிக்கொண்டு, பிடிக்க ஒன்றுமில்லாம, மேல ஏறிப்போற படிக்கட்டு எத்தனைன்னு எண்ணிக் களைச்சிடுவீங்க.

எங்கட மூத்தம்மா படியில விழல்ல. பாத்ரூமுல விழுந்தா. சுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்ன, வுழூ எடுக்கப் போனவ. வயசு எழுபத்தி நாலு. பிரெஷர் குளிசை குடிக்கிறவ. லைட் போட்டா மற்றவங்க எழும்பிடுவாங்கன்னு இருட்டுக்குள்ளேயே போயிருக்கா. காலில கிடந்தது அடி தேய்ஞ்ச பழைய சிலிப்பர். தரையில முதல் நாள் உடுப்புக் கழுவின சவர்க்காரத் தண்ணி காயல்ல. சத்தம் கேட்டு நாங்க ஓடிப் போய்ப் பார்க்கக்குள்ள, "ஒண்டுமில்ல மனே, சும்மா வழுக்கிப் போச்சு" என்றா. இடுப்பு எலும்பு உடைஞ்சிருந்தது.

வீட்டுக்குப் பார்க்க வந்தவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "பார்த்துப் போயிருக்கக் கூடாதா?"

நான் இதை எழுதுறதே அந்தக் கேள்வியால்தான். அதைக் கேட்ட நொடியில முழுப் பொறுப்பையும் விழுந்தவர்ட தலையில வெச்சிடுறம். தரை தப்பிச்சிடுது. டைல் வாங்கின நாம தப்பிச்சிடுறம். மூத்தம்மா பார்க்காம நடந்தவ இல்ல. எழுபது வருசத்துக்கு மேல கிணத்தடியிலயும் வயல் வரம்பிலயும் மழைத் தண்ணியிலயும் நடந்தவ. அவ நடந்த பழைய சீமெந்துத் தரை சொரசொரப்பா இருந்தது. நாமதான் அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு தரையைப் பதிச்சிட்டு, அதுல தண்ணியும் சோப்பும் ஊத்திட்டு, பார்த்துப் போகச் சொல்றம்.

விழுறது சின்ன விசயம் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் ஒவ்வொரு வருசமும் ஏறத்தாழ 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். வைத்தியரிடம் போக வேண்டிய அளவுக்கு விழுறவை வருசத்துக்கு 3 கோடி 73 இலட்சம். இறப்புகளில் 80 வீதத்துக்கு மேல் நம்மைப்போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். விழுந்து இறப்பவர்களில் மிகப் பெரும்பங்கினர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

வீதி விபத்து நடந்தா ஊரே கூடும், முகநூல்ல படம் வரும், வேகத்தடை கேட்டு மகஜர் போகும். பாத்ரூமுல விழுந்தா ஒரு வீடு மட்டும் அமைதியா உடைஞ்சு போகும். எங்கட வீட்டுல உடைஞ்சது மூத்தம்மாட இடுப்பு மட்டும் இல்ல. ராத்தா கெம்பஸ்ல ஒரு செமஸ்டரை விட்டுட்டு வந்து நின்றா. உம்மாவுக்கு இரவு நித்திரை இல்லாமப் போச்சு. வாப்பா கடையைப் பாதி நாள் பூட்டினார். படுக்கையில விழுந்தவரைத் தூக்கி இருத்தி, கழுவி, புண் வராமப் புரட்டிப் போடுற வேலையை நம்ம வீடுகள்ல யார் செய்றாங்க? பெரும்பாலும் பொம்பளைகள்தான். அதனால ஒரு கைப்பிடி இல்லாததுக்கு ஒரு பெண்பிள்ளையின் படிப்பை விலையாக் கொடுக்கிறம் என்று சொன்னா அது மிகை இல்ல.

சரி, ஏன் நம்ம பக்கத்துல இது இவ்வளவு?

பெரியநீலாவணையில இருந்து தெற்கே நம்ம ஊர்கள் எப்படிக் கிடக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவுல ஒரு ஒடுங்கின மணல் துண்டு. ஊர் அகலமாக வழி இல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரக் காணியும் பலருக்கு இல்லாமப் போச்சு. ஆனா வழக்கம் மாறல்ல. பொம்பளப் பிள்ளை இருந்தா வீடு கட்டிக் கொடுக்கணும். மூத்த மகளுக்கு வளவுல இருந்த வீடு போச்சு. ரெண்டாவது மகளுக்குக் காணி எங்க? மேல கட்டு. மூன்றாவது மகளுக்கு? அதுக்கும் மேல கட்டு. உம்மாவும் வாப்பாவும் கடைசியா ஒதுங்கிறது பின்பக்கம் ஒரு சின்ன அறையில, இல்லாட்டி மேலே மகளோட. இப்படி ஒரு தலைமுறைக்குள்ள நாம நிலத்துல நடந்த சனத்தைப் படிக்கட்டுல ஏத்திட்டம். ஆனா படிக்கட்டுக்கான இடத்தை விடல்ல. அறைக்கு இடம் போதாது என்று படியைச் செங்குத்தாக் கட்டுறம். ஒரு படி ஏழு அங்குலம், அடுத்தது எட்டு, கடைசிப் படி மட்டும் டைல் பதிச்ச பிறகு ஐந்து.

இதுல ஒரு விசயம் கவனிக்கணும். நாம படியேறக்குள்ள ஒவ்வொரு படியையும் கண்ணால பார்த்து ஏறுறதில்ல. முதல் ரெண்டு படியில கால் உயரத்தைப் பழகிடும், மிச்சத்தைக் கால் தானாவே ஏறும். நடுவுல ஒரு படி ஒரு அங்குலம் கூடினாலும் குறைஞ்சாலும் கால் ஏமாந்து போகும். அதோட அபாயா நுனி, இடுப்புல பிள்ளை, மற்றக் கையில தண்ணி வாளி. பிடிக்கக் கைப்பிடியும் இல்ல, இருந்தாலும் பிடிக்கக் கையும் இல்ல.

டைல் கதையும் அப்படித்தான். கடையில நாம கேக்கிறது நிறம், பளபளப்பு, விலை. கால் வழுக்குமா என்று கேக்கிறதில்ல. டைல் பெட்டியில சிலவேளை R9, R10, R11 என்று அச்சடிச்சிருக்கும். ஜெர்மனியில வகுத்த அளவு அது. எண்ணெய் ஊத்தின ஒரு சாய்தளத்தில ஆளை நடக்க வெச்சு, எவ்வளவு சாய்வில கால் வழுக்குதுன்னு பார்த்து எண் கொடுப்பாங்க. R9 ஆகக் குறைஞ்ச பிடிப்பு, R13 ஆகக் கூடினது. ஈரம் படுற இடத்துக்கு R10க்குக் குறையாம எடுக்கிறது நல்லது. எண் இல்லாட்டியும் பரவாயில்ல. கடையிலேயே கொஞ்சம் தண்ணி வாங்கி டைலுல ஊத்தி விரலால உரசிப் பாருங்க. கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இதுவரைக்கும் வீடு. இனி அந்த வீட்டைக் கட்டினவங்கட கதை.

எங்கட மாமிட மகன் ஒருவர், நான் காக்கா என்று கூப்பிடுறவர், தோஹாவுல கட்டட வேலையில பல வருசம் இருந்தவர். அங்க பெல்ட் கொளுவாம ஏணியில கால் வைக்க ஏலாதாம். தலைக்கவசம், கனமான சப்பாத்து எல்லாம் கட்டாயம். லீவுல வந்தவர் தன்ட வீட்டுக்குத் தானே பூச்சுப் பூசினார். ரெண்டு பெரலை வெச்சு, மேல ஒரு பலகை, காலில பாத்ரூம் சிலிப்பர். "என்ன காக்கா இது?" என்று கேட்டன். "அங்க பிடிச்சா சம்பளத்துல வெட்டுவானுகள் தம்பி. இங்க யார் கேக்கிற?" என்றார்.

அவர் சொன்னதுல முழு விசயமும் இருக்கு. ஆள் ஒன்றுதான், திறமை ஒன்றுதான். கேக்கிறதுக்கு ஆள் இருந்தா பெல்ட், இல்லாட்டிப் பலகை. அதுக்காகக் கட்டார் சொர்க்கம் என்றும் இல்ல. சர்வதேச தொழில் அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2020இல் மட்டும் அந்த நாட்டில் 50 தொழிலாளர்கள் வேலை தொடர்பாக இறந்தார்கள், 500க்கு மேற்பட்டோர் கடுமையாகக் காயப்பட்டார்கள். கடும் காயங்களுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று உயரத்திலிருந்து விழுவது. சட்டமும் சோதனையும் இருக்கிற இடத்திலேயே இப்படி. நம்ம ஊர்ல கம்பும் கயிறுமாக் கட்டின சாரத்துல நிற்கிற மேசனையும், மேல கல் எறிஞ்சு கொடுக்கிற கூலிக்காரப் பொடியனையும், தென்னையில ஏறுறவரையும் யார் எண்ணுறாங்க?

மேசன் விழுந்தா என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். வீட்டுக்காரர் நல்ல மனுசனா இருந்தா ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போவார். ஒரு மூட்டை அரிசி அனுப்புவார். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில சல்லி சேர்ப்பாங்க. எல்லாம் நல்ல காரியம். ஆனா அது சதகா. அவருக்குச் சேர வேண்டியது உரிமை. வேலையில் காயப்பட்ட தொழிலாளிக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று இலங்கையில் சட்டம் வந்தது 1934இல், வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக. அதுக்கென்று ஓர் ஆணையாளரும் இருக்கிறார். தொண்ணூறு வருசம் கழிச்சும் நம்ம பக்கத்துல கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்யிற எத்தனை பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறதே தெரியும்? கேட்டா நன்றி கெட்டவன் ஆகிடுவான், அடுத்த வேலை கிடைக்காது. அதனால கேக்கிறதில்ல.

இந்த இடத்துல ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். விழணும்னு இருந்தா விழத்தான் வேணும்." மூத்தம்மாவும் அதைத்தான் சொன்னா. அவ சொல்லலாம், அது அவட பொறுமை. டைல் தெரிவு செஞ்ச நான் சொல்ல ஏலாது. ஒட்டகத்தைக் கட்டிப்போட்ட பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை எத்தனை குத்பாவுல கேட்டிருப்பம். அதைவிட நேரடியாவே ஒன்று இருக்கு. தடுப்பில்லாத கூரையில் படுத்துறங்குவதைக் கண்டிக்கிற ஹதீஸ் ஒன்று சுனன் அபூதாவூதில் பதிவாகியிருக்கு. மொட்டைமாடிக்குச் சுவர் கட்டாதவருக்கு இதைவிட என்ன சொல்றது? ஆனா அதே பள்ளிகள்ல ஹவுழடியைப் பாருங்க. பாசி பிடிச்ச ஓரம், பளபளக்கிற டைல், மாரி காலத்து வெள்ளிக்கிழமையில நூறு ஈரக்கால். வயசாளிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடிச்சுக்கொண்டு நடக்கிறாங்க. சரவிளக்குக்குச் சல்லி சேர்க்கிற நிர்வாக சபைக்கு, ஹவுழடிக்கு ஒரு பைப் கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் பெரிய செலவா?

செலவைப் பற்றியும் பேசுவம். "சாமான் விக்கிற விலையில இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பது நியாயமான கேள்வி. 2022க்குப் பிறகு சீமெந்து வாங்கப் போன யாரும் அதைக் கேக்கத்தான் செய்வாங்க. ஆனா நான் சொல்றதுல பாதிக்குச் சல்லியே தேவையில்ல. அடி தேய்ஞ்ச சிலிப்பரைத்தான் நாம எப்பவும் பாத்ரூமுக்கு என்று ஒதுக்கிறம். ஆக வழுக்கிற இடத்துக்கு ஆக வழுக்கிற செருப்பு! அதை இண்டைக்கே எறியலாம். சோப்புத் தண்ணியை உடனே கழுவி விடலாம். பாசியைக் கிழமைக்கு ஒருக்கா ஈர்க்குமாறால உரைக்கலாம். வயசானவங்க படுக்கையை விட்டு எழும்பினதும் நடக்காம, கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்பச் சொல்லலாம். பிரெஷர் குளிசை குடிக்கிறவங்களுக்கு எழும்பின உடனே இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுத்தும். ஏணியை நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில சுவரை விட்டுத் தள்ளி வைக்கலாம்.

கொஞ்சம் சல்லி வேண்டியது மிச்சம். இரவெல்லாம் எரியிற ஒரு சின்ன பல்ப். கொமட்டுக்குப் பக்கத்துல சுவரோட இறுக்கின ஒரு பிடி. படிக்கு ஒரு பைப். நம்ம கடற்காத்துக்குச் சாதாரண இரும்பு கெதியா துருப்பிடிச்சுப் போகும், அதனால ஜீஐ பைப்பையோ நல்ல மரத்தையோ போடுங்க. துருப்பிடிச்ச கைப்பிடி இல்லாத கைப்பிடியை விட மோசம், நம்பிப் பிடிக்கக்குள்ள கையோட வரும். சிங்கப்பூரில் 2012இல் இருந்து அரசாங்கமே முதியவர்கள் இருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்கு மானியம் கொடுத்து, பிடிகளைப் பூட்டி, பாத்ரூம் தரையை வழுக்காமச் செய்து கொடுக்குது. நம்ம பிரதேச செயலகமும் மாநகர சபையும் அப்படிச் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்ல. ஆனா வீட்டுப் பிளானுக்கு அனுமதி கொடுக்கிறவங்க படிக்கும் மொட்டைமாடிக்கும் தடுப்பு எங்க என்று கேக்கத் தொடங்கினா, அது போஸ்டரும் ஊர்வலமும் இல்லாத பெரிய வேலை.

இதை வாசிக்கிற உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயசு இருக்கும். விழுற வயசு இல்ல. ஆனா வீட்டுல டைல் கடைக்குப் போய் போனுல படம் எடுத்து அனுப்புறது நீங்கதான். மேசன் காக்காவோட விலை பேசுறதும் நீங்கதான். அடுத்த கலியாணத்துக்கு மேல்மாடி கட்டக்குள்ள "கைப்பிடி பிறகு" என்று வாப்பா சொன்னா, "இல்ல வாப்பா, டைல் பிறகு" என்று சொல்லக்கூடியதும் நீங்கதான்.

எங்கட பாத்ரூமுல இப்ப பிடி இருக்கு. போட்டு முடிக்க மேசனுக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகல்ல. மூத்தம்மா கட்டிலை விட்டு எழும்பிறதில்ல, அதனால அவ இன்னும் அதைக் காணல்ல. உம்மாவுக்கும் ஐம்பத்தெட்டு ஆகுது. சுபஹுக்கு எழும்பிப் போகக்குள்ள அதைப் பிடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். கேட்டா நான் திரும்பிப் படுத்து நித்திரையாகிடுவன்.